எண்ணெயில் பார்த்த மருமகன்

ஓர் ஆளை முதன்முதலாக நல்லெண்ணெயில் பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

நேரில் இல்லை, போட்டோவில் இல்லை, வீடியோ காலில் இல்லை. எண்ணெயில். அதுவும் டிபன் பாக்ஸ் மூடியில் ஊற்றிய எண்ணெயில். எனக்கு உண்டு.

காரைக்குடியில் ஒரு ஆஸ்பத்திரி. முதல் மாடி வராந்தா. பச்சிளங்குழந்தைகள் பிரிவின் நீளமான கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நிற்கிறேன். எதிரே அப்பா, இரண்டு கையாலும் மூடியை ஏந்திக்கொண்டு, வெடிகுண்டைத் தூக்கி வந்தவர் மாதிரி நிற்கிறார்.

"தெரியுதாப்பு?"

"டியூப்லைட் தெரியுது."

"இப்ப?"

"ஒங்க மூக்கு தெரியுது."

"ஏம் மூக்கு எதுக்குடா ஒனக்கு? ஓரமாப் பாரு."

"நீங்க குனிஞ்சு எட்டிப் பாத்தா மூக்குத்தான் தெரியும். நிமிருங்கப்பா!"

எனக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் அக்கா மகன் இருக்கிறான். ஒன்றரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலம் அளவு. அவனை நான் அதுவரை பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை.

இதில் காமெடி என்னவென்றால், குழந்தை பார்ப்பதுதான் என் வேலையே.

கதவுக்கு உள்ளே இருந்தவன்

போன வாரம் நான் பனியில் வழுக்கி விழுந்த கதையைப் படித்துவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, அந்த ஊரில் நீங்கள் என்னதான் வேலை பார்க்கிறீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நர்ஸ் சார். மாதம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிற குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸ். முழுப்பெயர் சேவுகப்பெருமாள். இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் "செவ்" என்று சுருக்கிவிட்டார்கள்.

பி.எஸ்ஸி நர்சிங் முடித்ததும் முதலில் வேலை பார்த்தது இதே காரைக்குடி ஆஸ்பத்திரியில், இதே கண்ணாடிக்கு உள்ளே. அப்போது வார்டுக்கு வருகிற ஆட்கள் என்னைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி, நர்ஸம்மா எங்க போயிட்டாக?" நான்தான் நர்ஸ் என்றால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற வேல கெடைக்கலையாப்பு?" என்பார்கள்.

இங்கிலாந்தில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே எல்லோரும் என்னை டாக்டர் என்று நினைத்தார்கள்.

அங்கே என் முதல் வாரம் பெரிய கூத்து. நம் ஊரில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டோம் இல்லையா? அந்தப் பழக்கத்தில் பெரிய டாக்டர் உள்ளே வரும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து, ஏதோ அவசரம் என்று நினைத்து அவரும் நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மரியாதையாக நின்றோம். மூன்றாவது நாள் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "முதுகு வலியா?"

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஒரு குழந்தையின் அப்பா, நல்ல உயரமான ஆள், காலையிலிருந்து குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காரைக்குடி மூளை எனக்கு. பார்வையாளர் நேரம் எப்போதோ முடிந்திருக்குமே! போய் ரொம்பப் பணிவாக, "சார், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்களேன்" என்றேன். அவரும் நான் ஏதோ அன்பாகச் சொல்கிறேன் என்று போய்விட்டார். திரும்பி வந்தார். மறுபடி அனுப்பினேன். மூன்றாவது டீயில் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வார்டு பொறுப்பாளர் ஜேன் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். திட்டவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "செவ், அவர் பார்வையாளர் இல்லை. அவர் இந்தக் குழந்தையின் அப்பா. இங்கே பார்வையாளர் என்றால் நீயும் நானும்தான்."

மதியம் அந்த உயரமான ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு, சாய்வு நாற்காலியில் படுத்து, வெறும் நெஞ்சில் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். நெஞ்சு முழுக்க முடிக்காடு. குழந்தை அதைப் புல்வெளி என்று நினைத்திருக்கும். நிம்மதியாகத் தூங்கியது. மெஷினில் ஓடுகிற எண்களெல்லாம் சாந்தமாகிவிட்டன.

நம் ஊரிலும் இது உண்டு. கங்காரு முறை என்பார்கள். ஆனால் அம்மாக்கள் மட்டும்தான், அதுவும் தனி அறையில். ஆம்பளை நெஞ்சுக்கும் அதே சூடுதான் என்பதை எனக்குக் காட்டியது அந்த டீ குடித்த அப்பா.

லீவுக்கு வந்த இடத்தில்

சரி, வராந்தாவுக்கு வருவோம்.

லீவுக்குச் சாக்கோட்டையில் வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா கவிதாவுக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மச்சான் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒரு மத்தியானம் அக்கா, "கண்ணுல பூச்சி பறக்குதுடா" என்றாள். பிரஷர் பார்த்தேன், எகிறிக் கிடந்தது. அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. செக்காலை ரோட்டில் அந்த ஆட்டோ போன வேகத்துக்கு டிரைவருக்குத் தனியாக ஒரு அத்தியாயம் எழுத வேண்டும்.

ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். பையன். மூக்கு வழியாகக் காற்று தள்ளுகிற குழாய் கொஞ்ச நாள், அப்புறம் அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. அக்காவுக்குத்தான் பிரஷர் இறங்குவேனா என்றது. மேல் மாடியில் ஊசி, டிரிப் என்று படுத்திருந்தாள். எழுந்து வர முடியாது, பிள்ளையைப் பார்க்க முடியாது. அம்மா அவள் பக்கத்திலேயே.

எனக்கு வேலை தாய்ப்பால் கூரியர். மேலே போய் பாலை வாங்கி வந்து கீழே கொடுப்பது. ஒவ்வொரு தடவையும் அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"எல்லாரும் நல்லா இருக்கான் நல்லா இருக்கான்ங்குறாக. அவுக அப்படித்தான் சொல்லுவாக. நீ பாத்துச் சொல்லுடா. நீ பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சு போகும். யாரு மாதிரி இருக்கான்? சூடா இருக்கானா?"

நான் என்ன சொல்ல? நான்தான் பார்க்கவே இல்லையே.

கறுப்புச் சட்டையின் பயம்

எல்லாம் ஒரு ஆயாவால் வந்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து, ரொம்பச் சந்தோஷமாக, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவித்தார்: "ஆம்பளப் புள்ள! கொடி சுத்திப் பொறந்துருக்கு! தாய்மாமன் யாரு?"

நான் கையைத் தூக்கினேன். ஏதோ பரிசு என்று நினைத்து.

தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. தாய்மாமன் குழந்தையை நேராகப் பார்க்கக் கூடாது. முதலில் எண்ணெயில் முகம் பார்த்துவிட்டு, பிறகுதான் நேரில். என் வேலையில் கொடி சுற்றிப் பிறப்பது தினசரிச் சமாச்சாரம். அந்தக் கணக்குப்படி ரெண்டு நாட்டிலும் பாதி மாமன்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடுதான் அலைய வேண்டும்.

இதை அம்மா பிடித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆச்சரியமே இல்லை. அம்மா செவ்வாய், வெள்ளி, கார்த்திகை ஒன்று விடாது. பிடித்துக்கொண்டது அப்பா!

எங்கள் அப்பா யார் தெரியுமா? ரிட்டையர்டு கண்டக்டர். கறுப்புச் சட்டை. ராகுகாலத்தில் தாலி கட்டியவர். என் பெயர்கூட அம்மா அழுது அடம்பிடித்து வைத்த சாமி பெயர். அந்த மனுஷன் என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

"அங்குட்டுப் பாக்காத. சொவத்தப் பாத்து நட."

"அப்பா, நீங்களா?"

"எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்ல."

"அப்பறம்?"

"நம்பிக்கை இல்லாதவன் பயப்படக் கூடாதுன்னு சட்டமா? நடடா."

அன்றிலிருந்து பால் கொண்டுபோகும்போதெல்லாம் நான் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடந்தேன். பக்கத்தில் அப்பா, தோளில் கிடந்த துண்டை என் முகத்துக்குத் திரையாகப் பிடித்துக்கொண்டு. வராந்தாவில் இருந்தவர்கள் நான் ஏதோ போலீஸ் கேஸில் சிக்கியவன் என்று நினைத்திருப்பார்கள்.

மச்சான் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டார். பத்தடி தள்ளி நிற்கிற நான் பார்க்கவில்லை. "வீடியோன்னா நேர்ல பாக்குறது இல்லல்லப்பா?" என்று ஒரு பாயின்ட்டைப் போட்டேன்.

"எண்ணெயும் இல்லல்ல" என்று போனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இதில் இன்னொரு கதவும் இருந்தது. அந்தப் பிரிவுக்கு இப்போது இன்சார்ஜ் சரண்யா. என் காலேஜ் பேட்ச். ஒன்றாகப் படித்து, ஒன்றாக இங்கே சேர்ந்து, ஒரே தட்டில் புரோட்டா சாப்பிட்டவள். அவள் பால் வாங்கக் கதவைத் திறக்கும்போது, "உள்ள வந்து ஒரு எட்டு..." என்று ஆரம்பித்தேன். அப்பா பார்க்காத நேரம்தான்.

"பேஷண்ட்டோட அட்டெண்டர்லாம் வெளிய நிக்கணும்."

"ஏய், நான் இங்க வேல பாத்தவன்டி!"

"பாத்த. நீ பாஸ்போர்ட்ட எடுத்துட்டுப் போன. நான் சாவிய எடுத்துக்கிட்டேன். தள்ளி நில்லு, செவ்வு."

அந்தப் பெயரை அவளிடம் யார் சொன்னது என்று இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு நெஞ்சு தேவை

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். பையன் எடை ஏறவில்லை.

ஹீட்டருக்கு அடியில் இருக்கிற வரை நன்றாக இருப்பான். வெளியே எடுத்தால் உடம்பு சில்லென்று ஆகிவிடும். குடிக்கிற கொஞ்சம் பாலும் சூடு உண்டாக்கவே செலவாகிப்போனது. இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு நெஞ்சோடு சேர்த்து வைப்பதுதான் மருந்து என்பது எனக்கும் தெரியும், சரண்யாவுக்கும் தெரியும். ஆனால் அக்கா வர முடியாது. அம்மா அக்காவை விட்டு நகர முடியாது. மச்சானுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சு இருக்கிறது, கூடவே புகையிலையும் இருமலும் இருக்கிறது.

சரண்யா டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வெளியே வந்தாள். இந்த முறை கிண்டல் இல்லை.

"அப்பா, புள்ளைக்கு ஒடம்புச் சூடு குடுக்க ஆள் வேணும். வீட்டாளு யாரா இருந்தாலும் சரின்னுட்டாங்க டாக்டரம்மா. இவன உள்ள அனுப்புங்க."

அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார்.

"நேரமாக ஆகப் புள்ள எளச்சுப் போகுதுப்பா" என்றாள்.

என்னைக் காணோமே என்று தானே பால் பாத்திரத்தோடு மேலிருந்து ஒரு எட்டு இறங்கி வந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி.

"பச்சப்புள்ள சூடு வேணுங்குது. நீங்க எண்ணெய்யப் பத்திப் பேசுறீகளா? சாமி கும்புடுற நானே சும்மா இருக்கேன்! நாப்பது வருசமா எங்கூடச் சண்ட போட்டீகள்ல, அதெல்லாம் எங்க போச்சு?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் நல்லெண்ணெய் பாக்கெட்.

"இப்பவே பாத்துருவோம். அஞ்சு நிமிசம். எல்லாருக்கும் சந்தோசம்."

"எண்ணெய் உள்ள வரக்கூடாது" என்றாள் சரண்யா.

"வெளியவே பாக்குறோம்மா. நீ புள்ளையக் கண்ணாடிகிட்ட மட்டும் தள்ளிட்டு வா."

சரண்யா என்னைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் துடித்தது. இங்கிலாந்தில் படித்த பாலிசி எதிலும் இதற்குப் பதில் இல்லை.

மூடி

பித்தளைக் கிண்ணத்துக்கு எங்கே போக? அம்மாவின் டிபன் பாக்ஸ் மூடிதான். அதில் காலையில் தயிர்சாதம் இருந்தது. துடைத்துவிட்டு ஊற்றினார் அப்பா.

இங்கேதான் நாம் ஆரம்பித்தோம். டியூப்லைட், மூக்கு.

எங்கள் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். ஒக்கூர்க்காரர், டிராக்டர் ஓட்டுபவர். அவருடைய இரட்டைப் பிள்ளைகளும் உள்ளேதான் இருந்தார்கள்.

"இப்படிப் புடிச்சா எப்படிண்ணே தெரியும்? டிராக்டர் கண்ணாடி மாதிரி வைங்க. தம்பி, நீங்க ஒரு எட்டுப் பின்னாடி வாங்க. வாங்க... வாங்க... போதும். அண்ணே, மூடிய லேசா இங்குட்டுச் சாய்ங்க. சிந்தாமண்ணே! யாத்தா, அந்த லைட்ட அமத்துங்க!"

யாரோ ஒரு அம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். வராந்தா பாதி இருட்டானது. பெஞ்சில் இருந்த மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

எண்ணெயில் ஒரு வெளிச்சம் ஆடியது. பிறகு நின்றது.

முதலில் தெரிந்தது மஞ்சள் குல்லாய். அதற்குக் கீழே மூடிய இரண்டு கண்கள். எள்ளு வாசனை மூக்கில் ஏறுகிறது. நான் மாமனாகப் பார்க்கத்தான் நின்றேன், ஆனால் கண் பழக்கதோஷம், அது நர்ஸாகப் பார்க்கிறது. மூச்சு சீராகப் போகிறது. நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்கவில்லை. கை இரண்டும் மடங்கி, முஷ்டி கெட்டியாக இருக்கிறது. இளைத்துத்தான் இருக்கிறான். ஆனால் தெம்பாக இருக்கிறான்.

அப்புறம் அந்த மூக்கு. சற்று முன் இதே எண்ணெயில் பெரிய சைஸில் பார்த்த அதே மூக்கு. சின்ன சைஸில்.

பையன் வாயைத் திறந்தான். எவ்வளவு பெரிய கொட்டாவி! அந்த முகத்துக்கு அது ரொம்ப ஓவர்.

"என்னப்பு? என்ன தெரியுது? சொல்லேன்டா!"

"கொட்டாவி விடுறான்பா."

அப்பா சிரித்த சிரிப்பில் மூடி குலுங்கி, பாதி எண்ணெய் அவருடைய கறுப்புச் சட்டையிலும் மீதி என் செருப்பிலும். ஒக்கூர்க்காரர் கை தட்டினார். பெஞ்சே கை தட்டியது. நான் திரும்பினேன். நேருக்கு நேர்.

கண்ணாடிக்குப் பின்னால் சரண்யா முகமூடிக்குள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் நனைந்திருந்தது. கேட்டால் இல்லை என்பாள்.

மூச்சு விடு

உள்ளே போவதற்கு முன் சரண்யா என்னை மூன்று தடவை கை கழுவ வைத்தாள். "ஒங்க ஊர்ல இப்படித்தான் கழுவுவாகளா? மறுபடி." வாட்ச், கயிறு, எல்லாம் கழற்றச் சொன்னாள். எண்ணெய் வாசனை போக வேண்டும் என்று நெஞ்சையும் துடைக்கச் சொன்னாள். வேண்டுமென்றே செய்தாள். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

சாய்ந்து உட்கார்ந்தேன். குல்லாயும் டயப்பருமாக அவனைத் தூக்கி என் நெஞ்சின் நடுவில் கவிழ்த்தாள்.

எத்தனையோ அப்பா அம்மாக்கள் நெஞ்சில் எத்தனையோ குழந்தைகளை வைத்துவிட்டவன் நான். "பயப்படாதீர்கள், சாதாரணமாக மூச்சு விடுங்கள்" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவன். என் நெஞ்சில் ஒரு குழந்தை கிடந்தது அதுதான் முதல் முறை. நர்ஸ் நெஞ்சில் யார் வைக்கப்போகிறார்கள்? பலகை மாதிரி விறைத்துப்போய்க் கிடந்தேன்.

"மூச்சு விடுடா" என்றாள் சரண்யா.

"விட்டா ஆடுவான்ல?"

"ஆடட்டும். அதுக்குத்தான வச்சுருக்கோம்."

விட்டேன். அவன் ஏறி இறங்கினான். முதலில் சில்லென்று இருந்த முதுகு, மெல்ல மெல்ல, நம் வீட்டுச் சுவரில் வெயில் ஏறுகிற மாதிரி, வெதுவெதுப்பானது. சரண்யா தெர்மாமீட்டர் வைத்தாள். பார்த்தாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

கண்ணாடிக்கு வெளியே அப்பா. வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கையில் பேப்பர் கப். குடிக்கவில்லை.

எழுந்து கிளம்பும்போது சரண்யாவிடம் ஒன்று கேட்டேன். அவன் மேல் போர்த்தியிருந்த சின்னத் துணி. இங்கிலாந்தில் ஒரு பழக்கம் உண்டு. வர முடியாத அம்மாவுக்குக் குழந்தை மேல் கிடந்த துணியைக் கொடுப்போம், வாசனைக்கு.

"துணிக்கெல்லாம் ரூல் இல்ல" என்று மடித்துக் கையில் வைத்தாள்.

மேலே அக்கா விழித்துத்தான் இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்தையே துருவினாள்.

"பாத்துட்டேன். நெஞ்சுல போட்டுருந்தேன். எளச்சுத்தான் இருக்கான்க்கா, பொய் சொல்லல. ஆனா சூடா இருக்கான்."

"யாரு மாதிரிடா?"

"அப்பா மூக்கு."

"அய்யய்யோ!" என்றாள். பிறகு அந்தத் துணியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் எடுக்கவே இல்லை. துணிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மெஷினில் அவளுடைய பிரஷர் அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. துணியால்தான் என்று சொன்னால் டாக்டரம்மா ஒத்துக்கொள்ள மாட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

அன்றிலிருந்து தினமும் என் டூட்டி அதுதான். சாய்ந்து படுத்து மூச்சு விடுவது. அக்கா நடந்து வந்து அவனை வாங்கிக்கொண்ட அன்று, நான் மறுபடியும் அட்டெண்டர் ஆகி வெளியே போய் நின்றேன்.

இதை இப்போது சாக்கோட்டையில், அக்கா பக்கத்தில், தரையில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த லீவு. இன்னும் நிறையச் சொல்லலாம், ஆனால் அவன் என் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி வாயில் வைத்திருக்கிறான்.